றெக்கை முளைத்த அம்பாசடர்

தம்பி மகனுக்குக் காது குத்திய அன்று பந்தியில் என் பக்கத்து இலையில் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். விமானம் ஓட்டப் படிக்கிறாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து "பாப்பா, பயமா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அவளும் சளைக்காமல் எல்லாருக்கும் "இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது, நாம் வித்தியாசமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்கிற கெட்ட புத்தியில், "நீ ஓட்டறது என்ன, றெக்கை முளைச்ச அம்பாசடர்தானே கண்ணு?" என்றேன். பந்தியே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டே, "அம்பாசடர் நின்னு போச்சு மாமா. இது நிக்கல. நீங்கதான் டிசைன் ஆளாச்சே, ஏன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

நான் இருபது வருடமாக வண்டிப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவன். முன்பு ஓசூர், இப்போது ஓமலூர்ப் பக்கம் சொந்த வீட்டில் உட்கார்ந்து அதே வேலை. எங்கள் தொழிலில் ஒரு பிராக்கெட் ஐந்து வருடம் மாறாமல் இருந்தால் யாரோ தூங்குகிறார்கள் என்று அர்த்தம். எடையைக் குறை, ஒரு போல்ட்டை எடு, பத்துப் பைசா மிச்சம் பண்ணு என்று மெயில் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவன் தலைக்கு மேல், 1955-இல் முதலில் பறந்த, பாப்பா ஓட்டப் படிக்கிற அமெரிக்கச் சின்ன விமானமான செஸ்னா 172 இன்னமும் அதே உச்சந்தலை இறக்கை, அதே சாய்வுக் கம்பி, அதே மூன்று கால் என்று போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எப்போதாவது போனால் பரவாயில்லை. கமலாபுரம் ஓடுபாதையில் பயிற்சி நடக்கிற நாளில் தொட்டுவிட்டு எழும்புவது, ஒரு சுற்று வருவது, மறுபடி தொடுவது என்று வெயில் ஏறும்வரை ஓயாது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் தெரு மாடுகள் நிமிர்ந்து பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டன. என்னால்தான் விட முடியவில்லை.

அம்பாசடர் கணக்கு

என் கிண்டல் ஒன்றும் ஆதாரமில்லாதது அல்ல என்று நிரூபிக்கவே முதலில் படிக்க ஆரம்பித்தேன். அம்பாசடர் 1957-இல் வந்தது, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் நகல், 2014-இல் நின்றது. இடையில் முன்பக்க கிரில் மாறியது, விளக்கு மாறியது, பின்னாளில் இசுசு எஞ்சின் வந்தது. உருண்டை முதுகு மட்டும் மாறவே இல்லை. செஸ்னா 172-இன் கதையையும் அதே மாதிரி சொல்லிவிடலாம். 1960-இல் நேராக நின்ற வாலைப் பின்னால் சாய்த்தார்கள். இவ்வளவு மெதுவாகப் போகிற விமானத்துக்கு வால் சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன? ஜெட் மாதிரித் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1963 மாடலில் முதுகைச் செதுக்கிப் பின்பக்கம் ஒரு கண்ணாடி வைத்தார்கள். 1968-இல் ஆறு சிலிண்டர் கான்டினென்டல் எஞ்சினை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் லைகோமிங் மாட்டினார்கள். 145 குதிரைத்திறன் 150 ஆனது. தகரவேலையும் எஞ்சின் மாற்றமும். இதைத்தானே அம்பாசடரிலும் செய்தார்கள்?

அதைவிட நல்ல துருப்புச்சீட்டு ஒன்றும் கிடைத்தது. பாப்பாவே ஒருமுறை போனில், பறப்பதற்கு முன் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குடுவையில் எரிபொருளைப் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, நிறம் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதைச் சொல்லியிருந்தாள். அந்த நீல நிற ஏவியேஷன் பெட்ரோலில் இன்றைக்கும் ஈயம் இருக்கிறது. நம் ஊர் பங்க்கில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு போய்விட்டது. அம்பாசடர்கூட ஈயத்தை விட்டுவிட்டது, உன் விமானம் விடவில்லை என்று வாட்ஸாப்பில் அனுப்பினேன். நீலக் குறி இரண்டு விழுந்தது. பதில் இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. அம்பாசடர் மாறாமல் இருந்ததற்குக் காரணம் நமக்குத் தெரியும். அதை விட்டால் வேறு கார் ஒன்றிரண்டுதான்; பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த சனம். அமெரிக்காவில் அப்படியா? பைப்பர் இருந்தது, பீச்கிராஃப்ட் இருந்தது, பிறகு இன்னும் எத்தனையோ. அத்தனை பேர் கடை விரித்திருந்த சந்தையில் இந்த ஒரு மாடல் மட்டும் 44,000-க்கு மேல் விற்றிருக்கிறது. உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறெந்த விமானமும் செய்யப்பட்டதில்லை, பெரியது சிறியது எதுவும். காத்திருந்து வாங்கிய கூட்டம் அல்ல அது, தேர்ந்தெடுத்து வாங்கிய கூட்டம். அப்படியானால் அந்தப் பழைய வரைபடத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பது புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரியில் கிடைத்தது.

இழுத்தா பூனை, தள்ளினா புலி

சித்தப்பா இன்னமும் குச்சிக்கிழங்கு போடுகிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், டிராக்டரை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். மாசி மாதத்தில் ஒருநாள் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். ஃபேக்டரி வாசலில் வழக்கம்போல வரிசை. எங்கள் முறை வந்தபோது அவர் சீட்டு வாங்க ஆபீஸ் பக்கம் போயிருந்தார். கிழங்கு கொட்டுகிற மேடைக்கு டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான். நான் ஏறி உட்கார்ந்தேன். கார் ஓட்டத் தெரியும், டிராக்டர் நேராக ஓட்டத் தெரியும், இது என்ன பெரிய விஷயம் என்கிற எண்ணம்தான்.

ரிவர்ஸ் போட்டேன். இரண்டடி ஒழுங்காகப் போனது. பிறகு டிரெய்லரின் வால் லேசாக, ஒரு விரல் அளவு, இடப்பக்கம் ஒதுங்கியது. திருத்துவதாக நினைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். இன்னும் ஒதுங்கியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். ஒரு விரல் ஒரு முழமாகி, முழம் ஒரு பாகமாகி, கண்ணை மூடித் திறப்பதற்குள் டிராக்டரும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி நின்றன. மட்கார்டு கம்பியில் உரசுகிற சத்தத்தில் சித்தப்பா ஓடி வந்தார். திட்டவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, ஏறி, முன்னால் ஒரு பத்தடி இழுத்தார். அவ்வளவுதான், மடங்கிய டிரெய்லர் தானாக நேராகி, நல்ல பிள்ளை மாதிரி பின்னால் வந்து நின்றது. அவர் எதுவும் செய்யவில்லை, வெறுமனே இழுத்தார். "இழுத்தா பூனை, தள்ளினா புலி. பின்னாடி இருந்து தள்ளற வண்டிய மட்டும் நம்பாத கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் பின்னால் எடுத்து மேடையில் சேர்த்தார்.

அந்த நேரத்தில் தலைக்கு மேல் விமானம் போனது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். போகவில்லை. கிழங்கு எடை போட்டு, கழிவு எவ்வளவு என்று சண்டை போட்டு, டீ குடித்து, வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. 1955 ஜூன் 12-ஆம் தேதி கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் செஸ்னா நிறுவனத்தார் செய்தது இதைத்தான். தள்ளுகிற வண்டியை இழுக்கிற வண்டியாக மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது சக்கரம்

172-க்கு முன்னால் 170 என்றொரு மாடல் இருந்தது. 1948-இல் வந்தது. அதே நான்கு சீட், அதே இறக்கை, கிட்டத்தட்ட அதே எஞ்சின். மூன்றாவது சக்கரம் மட்டும் வாலுக்கடியில். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். விமானம் தரையில் நிற்கும்போது தவளை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்துச் சின்ன விமானங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். நம் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த புஷ்பக் 1958-இல் முதலில் பறந்தது. அதற்கும் வால் சக்கரம்தான். நம் ஊர் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் கற்றுக்கொண்டது.

இந்த அமைப்பில் பெரிய சக்கரங்கள் விமானத்தின் எடைமையத்துக்கு முன்னால் இருக்கும். அதாவது தரையைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்க்கிற இடம் முன்னால், ஓடிவருகிற கனம் பின்னால். சித்தப்பாவின் ரிவர்ஸ் டிரெய்லர் அப்படியே. இறங்கி ஓடும்போது விமானம் துளி கோணினாலும் பின்னால் இருக்கிற கனம் பக்கவாட்டில் முந்தப் பார்க்கும். முந்த முந்தக் கோணல் கூடும். விமானி காலால் திருத்துவதற்குள் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். பல நேரம் ஒரு பக்கக் கால் மடங்கி, இறக்கை நுனி தரையில் இடிப்பதில் போய் முடியும். யாருக்கும் பெரிய காயம் இல்லாமல் பணத்துக்கு மட்டும் பெரிய காயம் ஏற்படுத்துகிற விபத்து. மூன்றாவது சக்கரத்தை மூக்குக்குக் கொண்டுவந்து, பெரிய சக்கரங்களை எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிவிட்டால் எல்லாம் தலைகீழ். கனம் முன்னால் ஓட, சக்கரங்கள் பின்னால் டிரெய்லராக வரும். லேசாகக் கோணினால் தானாகவே நிமிரும். இன்னொரு லாபமும் உண்டு. பெரிய சக்கரம் தரையில் தட்டிய அடியில் வால் சக்கர விமானத்துக்கு மூக்கு மேலே போகும், இறக்கை இன்னும் காற்றைப் பிடிக்கும், விமானம் துள்ளும். மூக்குச் சக்கர விமானத்தில் அதே அடி மூக்கைக் கீழே இறக்கும். இறக்கை காற்றை விட்டுவிடும். வண்டி தரையிலேயே உட்காரும்.

இவ்வளவு எளிய விஷயத்தை முதலில் கண்டது செஸ்னா அல்ல என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1940-இலேயே எர்கூப் என்கிற குட்டி விமானம் மூக்குச் சக்கரத்தோடு விற்பனைக்கு வந்துவிட்டது. 1947-இல் பீச்கிராஃப்ட் பொனான்சா வந்தது. 1951-இல் பைப்பர் தன் பேசர் விமானத்துக்கு மூக்கில் சக்கரம் வைத்து டிரை-பேசர் என்று பெயரிட்டு விற்றது. செஸ்னா கடைசியில்தான் வருகிறது. 1955 ஜனவரியில்கூட அவர்கள் பறக்கவிட்டது 170-சி என்கிற மேம்பட்ட வால் சக்கர விமானத்தைத்தான். சோதனை முடிந்து, சான்றிதழும் கிடைத்த பிறகு, இது வேண்டாம் என்று முடிவெடுத்து, அதே விமானத்தைப் பிரித்து மூக்கில் கால் வைத்து ஜூனில் மறுபடி பறக்கவிட்டார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஒப்புதல் வாங்கி முடித்த வரைபடத்தை, ஆறு மாதத்துக்குள் நாமே கிழித்துப் போடுவது எவ்வளவு வயிற்றெரிச்சலான வேலை என்று. நிறுவனத்தைத் தொடங்கிய கிளைட் செஸ்னா, விவசாயம் பார்த்துக்கொண்டே விமானம் கட்டிப் பழகியவர், அதற்கு ஏழு மாதம் முன்புதான் இறந்துபோயிருந்தார். நடத்திக்கொண்டிருந்தவர் அவருடைய மருமான் டுவேன் வாலஸ்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய சக்கரம் இரண்டையும் தாங்குகிற கால்களில் ஷாக் அப்சார்பர் கிடையாது. வெறும் எஃகுப் பட்டை. ஸ்டீவ் விட்மன் என்கிற பந்தய விமானி கண்டுபிடித்து செஸ்னாவுக்கு உரிமம் விற்ற யோசனை. லாரி ஸ்பிரிங் பட்டை மாதிரி வளைந்து நிமிரும். எண்ணெய் இல்லை, சீல் இல்லை, கசிவு இல்லை. சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் யாரிடம் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். அதேபோல இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் டேங்கும் மேலே. கார்ப்புரேட்டர் இருந்த காலம்வரை எஞ்சினுக்குப் பெட்ரோல் பம்பே தேவைப்படவில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவது மாதிரி தானாக இறங்கும். மூக்குச் சக்கரம் தவிர மற்றதெல்லாம் பழைய 170-இலிருந்து வந்தவைதான். விளம்பரத்தில் 'லேண்ட்-ஓ-மேட்டிக்' என்று பெயர் சூட்டி, கார் ஓட்டத் தெரிந்தால் போதும் என்கிற தோரணையில் விற்றார்கள். 1956-இல் மட்டும் 1,400-க்கு மேல் போனது. 170 அந்த வருடத்தோடு நின்றது.

சரி, மூக்குச் சக்கரம் வந்ததால் எல்லாரும் விமானியாகிவிட முடியுமா என்றால் இல்லை. பாப்பா தன் முதல் மாதக் கதை ஒன்றைச் சொன்னாள். வேகமாக வந்து, பொறுமையில்லாமல் தரையில் அமுக்கினாள். மூக்குச் சக்கரம் முதலில் பட்டது. விமானம் எம்பியது, மறுபடி மூக்கில் விழுந்தது, மறுபடி எம்பியது. மூன்றாவது குதிக்குள் பக்கத்திலிருந்த பயிற்றுநர் முழு வேகம் கொடுத்து மேலே தூக்கிவிட்டார். கீழே வந்ததும் அவர் முதலில் பார்த்தது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புத் தகடு சுருங்கியிருக்கிறதா என்றுதான். மூக்குக் கால் அதில்தான் மாட்டியிருக்கிறது. "தகரம் தப்பிச்சுது, என் காதுதான் தப்பிக்கல" என்றாள். புலி முழுசாகப் போய்விடவில்லை; கூண்டில் இருக்கிறது.

புதுசு ஒன்று செய்து பார்த்த வருடம்

சித்தப்பாவின் டிரெய்லர் என்னை ஒரேயடியாக அந்தப் பக்கம் சாய்த்துவிட்டது. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டார்கள், அதனால் மாற்றவில்லை என்று அக்கா மகளிடம் சரணடையத் தயாராக இருந்தேன். அந்த நேரத்தில்தான் 1977 குறுக்கே வந்தது. அந்த வருட 172-என் மாடலுக்கு லைகோமிங் புதிதாக வடிவமைத்த ஒரு 160 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் பெயரின் வால் எச்2ஏடி. இன்றைக்கும் பழைய விமானம் வாங்குகிறவர்கள் இந்த நான்கு எழுத்தைப் பார்த்தால் பத்து கேள்வி கேட்பார்கள். கேம் ஷாஃப்டும் அதன் மேல் ஓடுகிற டாப்பெட்டும் சீக்கிரம் தேய்ந்தன. அதற்கென்றே எண்ணெயில் தனி மருந்து ஊற்றச் சொன்னார்கள். அதைவிட என்னை உறுத்தியது வேறு ஒன்று. விமான எஞ்சினில் எல்லாச் சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்கு நெருப்பு கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. ஒன்று போனால் இன்னொன்று. இதுதான் அடிப்படை தர்மம். இந்த எஞ்சினில் இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து, ஒரே தண்டில் சுற்றவிட்டார்கள். அந்தத் தண்டு போனால் இரண்டும் போச்சு. வரைபடத்தில் பார்த்தால் அழகாக இருக்கும். எடை குறைவு, பாகம் குறைவு, விலை குறைவு. எனக்கு வருகிற மெயில்கள் கேட்பது எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது, நானே வரைந்து கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது.

1981-இல் அடுத்த மாடலில் அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, தனித்தனி மேக்னெட்டோ வைத்த பழைய குடும்பத்து எஞ்சினுக்கே திரும்பிவிட்டார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு மேக்னெட்டோ பற்றி விளக்க வேண்டியிருக்கவில்லை. கிணற்று மேட்டில் ஓடிய பழைய ஆயில் எஞ்சின் காலத்து மனிதர். "ரெண்டு மாட்டையும் ஒரே முளைக்குச்சில கட்டினானா?" என்று மட்டும் கேட்டார்.

காகிதம்

ஆனாலும் முழுசாகச் சரணடைய முடியவில்லை. ஏனென்றால் மாறாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது அத்தனை கௌரவமானது அல்ல. காகிதம். 1955-இல் மூக்குச் சக்கரம் வைத்தபோதே நேரமும் பணமும் மிச்சம் என்று அதைப் புது விமானமாகப் பதிவு செய்யாமல், 170-இன் சான்றிதழிலேயே ஒரு வரியாகச் சேர்த்தார்கள். பிறகு தனியாக 3ஏ12 என்ற எண்ணில் சான்றிதழ் வாங்கினார்கள். இன்றைக்குக் கண்ணாடித் திரைகளோடு தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிற 172-எஸ்ஸும் அதே 3ஏ12-தான். தாத்தா பேரில் இருக்கிற பட்டாவை வைத்துக்கொண்டு பேரன் மாடி கட்டுகிற மாதிரி. புதிதாக வரைந்தால் இன்றைய விதிகள் அத்தனைக்கும் தனித்தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். பழையதில் கைவைத்தால் கைவைத்த இடத்துக்கு மட்டும் எழுதினால் போதும். இந்த நிலையில் யார் புதிதாக வரைவார்கள்?

அப்புறம் வழக்கு. பல பத்தாண்டு பழைய விமானம் விழுந்தாலும் செய்தவன்மேல் வழக்குப் போடலாம் என்று இருந்ததால், காப்பீட்டுச் செலவு தாங்காமல் 1986-இல் செஸ்னா 172 செய்வதையே நிறுத்தியது. 1978-இல் அமெரிக்காவில் பதினேழாயிரத்துக்கு மேல் சின்ன விமானங்கள் செய்தார்கள். 1994-இல் அது ஆயிரத்துக்கும் கீழே. அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது: விற்றுப் பதினெட்டு வருடமான சின்ன விமானத்துக்குச் செய்தவர் பொறுப்பல்ல. 1996-இல் கன்சாஸ் மாநிலத்திலேயே இண்டிபெண்டன்ஸ் என்கிற ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி மறுபடி ஆரம்பித்தார்கள். பத்து வருடம் கதவை மூடிவிட்டுத் திறக்கிறவன் புதிதாக ஏதாவது கொண்டுவருவான் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் கொண்டுவந்தது அதே 172. கார்ப்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், நல்ல சீட், துருப்பிடிக்காத பெயின்ட்.

சீட் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய செஸ்னாக்களில் சீட் முன்பின் நகர்கிற தண்டவாளத்தில் கொக்கி மாட்டுகிற ஓட்டைகள் தேய்ந்துபோய், விமானம் மூக்கைத் தூக்கி எழும்பும்போது சீட் பின்னால் நழுவியிருக்கிறது. விமானி அனிச்சையாகக் கையிலிருப்பதைப் பிடித்து இழுப்பார். மூக்கு இன்னும் மேலே போகும். 1987-இல் இந்தத் தண்டவாளங்களை அளந்து சோதிக்கச் சொல்லி அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. பாப்பா இன்றைக்கும் ஏறி உட்கார்ந்ததும் சீட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்டேன். "சொல்லிக் குடுத்தாங்க மாமா" என்றாள். மாற்றாத வரைபடத்தின் குறையை இப்படித்தான் ஒவ்வொரு தலைமுறையும் கைப்பழக்கமாக வாங்கிக்கொள்கிறது. அதனால் என் கிண்டலில் பாதியைத்தான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஈயத்துக்கும் அவளிடம் இன்னும் பதில் இல்லை.

வேலி ஓரம்

சித்திரையில் ஒரு காலை, சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு விமான நிலைய வேலிக்கு வெளியே ஒரு புளியமர நிழலில் போய் நின்றேன். அன்று பாப்பா பறக்கிறாளா என்று தெரியாது. தூரத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சேர்வராயன் மலை புகைபோல நின்றது. மதியத்துக்குள் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். கமலாபுரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம். ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று விரிந்து மெலிந்துவிடும். அப்போது எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது ஏறக்குறைய 4,200 அடி உயரத்துக் காற்று. அதாவது கமலாபுரத்தில் நின்றுகொண்டே விமானம் தன்னை ஏற்காடு மலைப்பாதையில் முக்கால்வாசி ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். குளிர் மட்டும் கிடைக்காது.

சித்தப்பா முதல் மூன்று விமானம் இறங்கும்வரை பேசவில்லை. நான்காவது வந்தபோது கையை நீட்டிக் காட்டினார். "முன் சக்கரத்த ஊணவே மாட்டேங்கறான் பாரு. பின்னாடி ரெண்ட மட்டும் வெச்சுட்டு, மூக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே ஓடறான்." உண்மைதான். பெரிய சக்கரங்கள் பட்ட பிறகும் மூக்குச் சக்கரம் காற்றிலேயே இருந்தது. வேகம் குறையக் குறைய, தாங்க முடியாத இடத்தில்தான் மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அத்தன பாடுபட்டு முன்னாடி எதுக்கு வெச்சானாம்?"

பெரிய சக்கரம் பின்னால் போக வேண்டுமே, அது போனால் மூக்கைத் தாங்க ஏதாவது ஒன்று வேண்டுமே என்று வேலிக் கம்பியில் விரலால் வரைந்து காட்டினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. டிரெய்லர் கொக்கியைக் கழற்றியதும் அதன் மூக்கு தரையில் குத்தாமல் இருக்க முட்டுக்கால் கொடுப்பார்களே, அது மாதிரியா என்றார். அது மாதிரிதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொன்று தொட்டு எழும்பிப் போனது.

"மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்?"

"டீசல் இல்லீங்க சித்தப்பா, பெட்ரோல். சுமாரா முப்பத்தஞ்சு லிட்டர்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டிய எடு. வெயில் ஏறுது."